உங்கள் பாடக்குறிப்பைக் காதால் படிக்க முடியுமா?

"சார், நீங்க போட்ட பிடிஎஃப்ல ஒண்ணுமே இல்லை" என்று ஒரு மாணவர் வந்து சொன்னபோது, ஃபைலைச் சரியாக டவுன்லோடு செய்யவில்லை போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். முப்பத்து நான்கு பக்கம், நானே உட்கார்ந்து ஸ்கேன் செய்து கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்றியது, அதில் எப்படி ஒன்றும் இல்லாமல் போகும்? அவர் தன் போனை என் காதருகே வைத்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்க எண்ணை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது அந்தக் குரல். அவர் பார்வையற்றவர். நான் ஏற்றியது எழுத்து இல்லை, எழுத்தைப் பிடித்த போட்டோ. அவர் சொன்னது அட்சர சுத்தமான உண்மை.

நான் பொருளாதாரம் நடத்துகிறேன், கம்ப்யூட்டர் ஆள் இல்லை. அதற்குப் பிறகு தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், அதனால் உதாரணமெல்லாம் தேவை, அளிப்பு என்றுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதற்கு முன்னால் எப்படிக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுப் பார்த்துவிட்டால் பாதிக்கு மேல் உங்களுக்கே புரிந்துவிடும்.

முதலில் நீங்களே கேளுங்கள்

ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால் அதில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள், இருக்கிறது, பைசா செலவில்லை. செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதியில் கிடைக்கும். தமிழில் வாசிக்க வேண்டுமானால் கூகுளின் பேச்சுக் குரலில் தமிழையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆன் செய்வதற்கு முன்னால் ஆஃப் செய்வது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஆன் ஆனதும் போன் உங்கள் பேச்சைக் கேட்காது: ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். அதற்கான குறுக்குவழியை அங்கேயே இயக்கி வைத்துவிட்டால், ஒலியைக் கூட்டும் குறைக்கும் பட்டன் இரண்டையும் சில நொடி சேர்த்து அழுத்தினால் போதும், ஆன் ஆகும், ஆஃப் ஆகும். ஐபோனில் இதற்குப் பெயர் வாய்ஸ்ஓவர்.

விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006ல் தொடங்கியது, இன்றுவரை இலவசம். அதோடு வரும் இஸ்பீக் குரல் தமிழ் பேசும், ஆனால் தகரத்தை உரசுவதுபோல இருக்கும். விண்டோஸ் 10ல் மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் தமிழ்க் குரல் தேவலாம், அதற்கு வள்ளுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், யாருக்கு வந்த யோசனையோ! இன்செர்ட், கன்ட்ரோல், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்விடிஏ திரையைக் கறுப்பாக்கிவிடும். அப்படியே வைத்துக்கொண்டு உங்கள் பாடம் ஒன்றைத் திறந்து, மூன்றாவது அலகில் இரண்டாவது தலைப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். நான் பத்து நிமிஷத்தில் கைவிட்டேன்.

எழுத்தா, எழுத்தின் படமா?

நம் ஊரில் பாடக்குறிப்பு எப்படித் தயாராகிறது என்று நமக்குத் தெரியும். கையால் எழுதியதை போனில் படம் பிடித்து வாட்ஸாப் குழுவில் போடுவோம், அல்லது புத்தகத்தின் பக்கங்களை ஸ்கேன் செய்வோம், அல்லது டிடிபி கடையில் பத்து வருஷத்துக்கு முன்னால் அடித்து வாங்கிய ஃபைலை ஆண்டு மட்டும் மாற்றி ஏற்றுவோம். மூன்றிலும் சிக்கல் இருக்கிறது, மூன்றும் வேறு வேறு சிக்கல்.

ஸ்கேன் செய்ததா இல்லையா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியை மட்டும் மவுஸால் தேர்வு செய்ய முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் அது படம். கூகுள் டிரைவில் ஏற்றி, வலது கிளிக் செய்து, கூகுள் டாக்ஸில் திற என்று கொடுத்தால் அதுவே எழுத்தை அடையாளம் கண்டு தட்டச்சாக்கித் தரும், தமிழும் நன்றாகவே வரும். பக்கம் நேராக, வெளிச்சமாக இருக்க வேண்டும். மொத்தப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் கொடுக்காமல் பத்துப் பத்துப் பக்கமாகக் கொடுங்கள். கையெழுத்தை மட்டும் அதனிடம் நம்பிக் கொடுக்காதீர்கள், உட்கார்ந்து அடிக்கவோ, போனில் தமிழில் சொல்லித் தட்டச்சாக்கவோ வேண்டியதுதான்.

டிடிபி கடை ஃபைல் இதைவிட வில்லங்கம். கண்ணுக்கு அழகான தமிழ், மவுஸால் தேர்வும் செய்யலாம், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தது என்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகமூடி. பாமினியில் 'அம்மா' என்று அடிப்பதற்கு எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற விசைகளை அழுத்துகிறோம் அல்லவா, திரைவாசிப்பானுக்குத் தெரிவது அந்த ஐந்து மட்டும்தான். 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ஒரு பக்கம் முழுக்க இப்படியே வாசித்தால் எப்படி இருக்கும்? என் மாணவர் இரண்டு செமஸ்டர் இதைக் கேட்டுவிட்டு, யாராவது நண்பர் வாசித்துக் காட்டட்டும் என்று விட்டுவிட்டாராம். யாரிடமும் புகார் சொல்லவில்லை. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கம்ப்யூட்டரில் சேமிக்கும் பொதுவான முறைக்கு யூனிகோடு என்று பெயர். 2010லேயே தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனாலும் துறை அலமாரியில் இருக்கும் பழைய ஃபைல்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

இதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று முதலில் வேர்டில் பார்த்துக்கொள்ளுங்கள், பாமினிக்கும் வானவில்லுக்கும் வேறு வேறு மாற்று முறை. மாற்றியதும் ஒருமுறை படிக்க வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. நடுநடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் பாமினி என்று நினைத்துக்கொண்டு தமிழாக்கிவிடும். நான் மாற்றிய முதல் ஃபைலில் ஆங்கிலத்தில் இருந்த ஜிடிபி எல்லாம் வாயில் நுழையாத எழுத்துக் கூட்டமாகி நின்றது. தேசிய வருமானம் பற்றிய பாடம், பக்கத்துக்குப் பத்து ஜிடிபி.

சரி, யூனிகோடில் அடித்தாயிற்று, பிடிஎஃப் ஆக்கினால் முடிந்ததா? இல்லை. தமிழ் பிடிஎஃப்பில் இன்னொரு பேய் இருக்கிறது. அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். சில சமயம் 'தமிழ்நாடு' என்பது 'தமிழ்நொடு' ஆகியிருக்கும், 'துறை' என்பது 'துகற' ஆகியிருக்கும். நோட்பேடில் எப்படி வருகிறதோ ஏறத்தாழ அப்படித்தான் திரைவாசிப்பானும் வாசிக்கும். இதைச் சரிசெய்யப் பல மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு நான் வந்த முடிவு: பிடிஎஃப்போடு வேர்டு ஃபைலையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள், அல்லது பாடத்தை மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்திலேயே பக்கமாக அடித்துவிடுங்கள். யாராவது என் வேர்டு ஃபைலை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். போட்டுக்கொள்ளட்டும். தட்டுப்பாடான சரக்கா அது?

புத்தகப் பக்கத்தை இப்படி மாற்றிக் கொடுத்தால் பதிப்பாளர் வழக்குப் போட மாட்டாரா என்ற பயமும் பலருக்கு உண்டு. 2012ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றி, லாப நோக்கமில்லாமல் அவர்களுக்குக் கொடுப்பதை உரிமை மீறல் ஆகாது என்று 52வது பிரிவில் சேர்த்துவிட்டார்கள். இதே விஷயத்துக்காக 2013ல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியாதான். ஆனால் மாற்றிய ஃபைலை ஊர் முழுக்க எல்லாருக்கும் திறந்துவிடக் கூடாது, தேவைப்படும் மாணவருக்குக் கொடுங்கள். மாற்றுவதற்கு முன்னால் சுகம்ய புஸ்தகாலய என்ற இணைய நூலகத்தில் அந்தப் புத்தகம் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், ஒரு வாரத்து வேலை மிச்சமாகலாம்.

தலைப்பு, அட்டவணை, இணைப்பு

கண் உள்ளவர் பக்கத்தை மேலோட்டமாக ஓட்டிப் பார்த்துத் தலைப்பைப் பிடிக்கிறார். திரைவாசிப்பான் வைத்திருப்பவரும் அப்படிச் செய்ய முடியும், என்விடிஏயில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், ஆனால் அது தலைப்பு என்று ஃபைலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, அடிக்கோடும் போட்டுவிட்டுத் தலைப்பு என்கிறோம். வேர்டில் அந்த வரியில் நின்று கன்ட்ரோல், ஆல்ட், 1 சேர்த்து அழுத்துங்கள், நிஜத் தலைப்பாகிவிடும், உட்தலைப்புக்கு 2. தோற்றம் பிடிக்கவில்லை என்றால் ஸ்டைலில் போய் மாற்றிக்கொள்ளலாம். முடித்துவிட்டு பிடிஎஃப் ஆக்கும்போது பிரின்ட் வழியாகப் போகாமல் 'சேவ் ஆஸ்' வழியாகப் போங்கள், பிரின்ட் வழியில் போனால் போட்ட தலைப்பெல்லாம் வெறும் எழுத்தாகிவிடும்.

அட்டவணையை ஸ்பேஸ் தட்டித் தட்டி வரிசைப்படுத்துவது நம் பழைய கெட்ட பழக்கம். வேர்டின் டேபிளில் போட்டு, முதல் வரியைத் தலைப்பு வரி என்று குறியுங்கள், கட்டங்களை ஒட்டிச் சேர்க்காதீர்கள். வேறு பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்புக்கு 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதாதீர்கள். இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்துக் கேட்கும் வசதி இருக்கிறது, அதில் இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும் என்று பன்னிரண்டு முறை கேட்டால் எதைச் சொடுக்குவது? 'அலகு 2: நுகர்வோர் நடத்தை' என்று சொல்லிலேயே இணைப்பைக் கொடுங்கள். ஃபைலின் பெயரும் அப்படித்தான், 'நியூ டாக் 7' என்பது பெயர் இல்லை.

படத்துக்குச் சொல்

இதுதான் உண்மையில் ஆசிரியர் வேலை, மற்றதெல்லாம் டைப்பிஸ்ட் வேலை. வேர்டிலோ பவர்பாயின்ட்டிலோ படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் ஆல்ட் டெக்ஸ்ட் என்று வரும், திரைவாசிப்பான் படத்துக்குப் பதிலாக வாசிக்கும் விளக்கத்தை எழுதும் இடம் அது, மூடிலில் படம் ஏற்றும்போதே கேட்கும். அங்கே 'படம் 3' என்றோ 'வரைபடம்' என்றோ போடுவது, குருடர்கள் யானை பார்த்த கதையில் யானையையும் எடுத்துவிட்ட மாதிரி. (அந்தப் பழமொழியை இனிமேல் பயன்படுத்தாதீர்கள் என்று என் மாணவர் சொல்லியிருக்கிறார், அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கடைசியாக ஒருமுறை இங்கே எழுதினேன்.)

தேவையும் அளிப்பும் வெட்டிக்கொள்ளும் அந்தப் பிரபலமான படத்தை எடுத்துக்கொள்வோம். நான் இப்போது எழுதுவது இப்படி: 'தக்காளிச் சந்தை. செங்குத்து அச்சில் விலை, கிடைமட்ட அச்சில் அளவு. தேவைக்கோடு இடமிருந்து வலமாகக் கீழிறங்குகிறது, அளிப்புக்கோடு மேலேறுகிறது. கிலோ 20 ரூபாய், 50 கிலோ என்ற புள்ளியில் இரண்டும் வெட்டுகின்றன.' அவ்வளவுதான். கோட்டின் நிறம் என்ன, கட்டம் போட்டிருக்கிறதா என்பதெல்லாம் வேண்டாம். போனில் ஒருவருக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியிருந்தால் என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள். தாளை அழகாக்க வைத்த பூ, கல்லூரி முத்திரை போன்றவற்றை அலங்காரம் என்று குறித்துவிட்டால் வாசிக்காமல் தாண்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை, தேர்வில் கொடுக்கும் படத்துக்கு இதே மாதிரி எழுதினால் பதிலையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். சமநிலை விலை என்ன என்பது கேள்வியானால், இரண்டு கோட்டிலும் உள்ள புள்ளிகளை அட்டவணையாகக் கொடுத்துவிட்டு, வெட்டும் இடத்தை அவரையே கண்டுபிடிக்க விடுங்கள். சில படங்களுக்குச் சொல்லே போதாது. அட்டையில் ஃபெவிகால் வைத்து நூலை ஒட்டிக் கொடுத்தேன் ஒருமுறை, அவர் விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா சார் தேவைக்கோடு" என்றார்.

சமன்பாட்டைப் படமாக ஒட்டாமல் வேர்டின் ஈக்வேஷனில் போடுங்கள். பவர்பாயின்ட்டில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் வேறு வேறு தலைப்பு வேண்டும், பெட்டிகள் எந்த வரிசையில் வாசிக்கப்படும் என்பதையும் பார்க்க வேண்டும். ஆல்ட், எஃப்10 அழுத்தினால் ஒரு பட்டியல் வரும், அது கீழிருந்து மேலாக வாசிக்கப்படும், தலைகீழாக ஏன் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

வீடியோவும் நேரலை வகுப்பும்

காது கேளாத மாணவருக்கு வீடியோவில் எழுத்து ஓட வேண்டும். தானாக வரும் எழுத்தை அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும். நானும் விட்டேன், குரலைத் தட்டச்சாக்கி அப்படியே ஒட்டினேன். நான் 'தேவை நெகிழ்ச்சி' என்று சொன்ன இடமெல்லாம் 'தேவை நிகழ்ச்சி' என்று போயிருந்தது. ஒரு மாணவி விடைத்தாளில் தேவை நிகழ்ச்சியின் வகைகள் ஐந்து என்று அழகாக எழுதியிருந்தார், மதிப்பெண் போட்டுவிட்டேன், தப்பு என்னுடையது. அதனால் தானாக வந்ததை வரைவு என்று வைத்துக்கொண்டு, துறைச்சொற்களையாவது உட்கார்ந்து திருத்துங்கள். வீடியோவை ஐந்து ஆறு நிமிஷத் துண்டுகளாக வெட்டிவிட்டால் திருத்துவது சுமையாகத் தெரியாது. பிறவியிலேயே காது கேளாதவர்களில் பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி, தமிழ் இரண்டாவதாகப் படித்தது, ஆகவே நீண்ட வாக்கியங்களைப் பாடத்தில் உடைத்து எழுதுங்கள். (இந்தக் கட்டுரையில் நான் அதைச் செய்யவில்லை, தெரியும்.)

கூகுள் மீட்டில் வகுப்பு எடுக்கும்போது முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். 'இதைப் பாருங்க, இது இங்கே வருது, இதனால இது குறையுது' என்று பேசாதீர்கள். எது, எங்கே, எதனால் என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். இது கண் தெரியாதவருக்கு மட்டுமில்லை, பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டு வருபவருக்கும் உதவும்.

குறைந்த பார்வை உள்ளவர்களுக்கு வெள்ளையில் மஞ்சள் எழுத்து, படத்தின் மேல் எழுத்து எல்லாம் ஆகாது. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவாவது வேண்டும் என்கிறது இணைய அணுகல்தன்மைக்கு உலக அளவில் எல்லாரும் பின்பற்றும் டபிள்யூசிஏஜி வழிகாட்டி, அதை அளந்து சொல்ல இணையத்தில் இலவசக் கருவிகள் உண்டு. 'சிவப்பில் உள்ளவை முக்கியம்' என்று எழுதினால் நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு எது முக்கியம் என்று தெரியாது, பக்கத்தில் 'முக்கியம்' என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.

தேர்வு நேரம்

எழுதுவதில் சிரமம் உள்ள மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிஷம் கூடுதல் என்பது மத்திய அரசு 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதல். மூன்று மணி நேரம் என்றால் நான்கு மணி நேரம். செமஸ்டர் தேர்வில் கொடுக்கிறோம், மூடிலில் வைக்கும் 15 நிமிஷ வினாடி வினாவில் மறந்துவிடுகிறோம். அந்த வினாடி வினாவின் பக்கத்தில் ஓவர்ரைட்ஸ் (Overrides) என்ற இடத்தில் குறிப்பிட்ட மாணவருக்கு மட்டும் நேரத்தைக் கூட்டி வைக்கலாம், மற்றவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. இழுத்துக்கொண்டு போய்ப் பொருத்தும் கேள்விகளைத் தவிருங்கள், கை நடுங்குபவருக்கும் மவுஸ் பிடிக்க முடியாதவருக்கும் அது தண்டனை. மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் முதல் கேள்வியிலிருந்து சமர்ப்பிக்கும் பட்டன் வரை உங்களால் போக முடிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் திறந்துவிடுங்கள்.

யாருக்கு என்ன தேவை என்று எப்படித் தெரியும்? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, அதே சட்டம்தான் அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடமும் ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ள பையன் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வரமாட்டான், பாதிப் பேர் சான்றிதழே வாங்கியிருக்க மாட்டார்கள். எல்லார் முன்னாலும் கை தூக்கச் சொன்னால் யாரும் தூக்க மாட்டார்கள். செமஸ்டர் தொடக்கத்தில் நான் ஒரு செய்தி போடுகிறேன்: 'பாடம் படிப்பதிலோ கேட்பதிலோ எழுதுவதிலோ யாருக்காவது வேறு விதமாக வேண்டுமென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள், காரணம் சொல்ல வேண்டாம்.' போன முறை மூன்று பேர் எழுதினார்கள். ஒருவருக்குப் பெரிய எழுத்து வேண்டும். இன்னொருவருக்குத் தேதிகளெல்லாம் வாட்ஸாப்பில் சிதறாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அதை எல்லாருக்குமே செய்துவிட்டேன்.

பழைய ஃபைல் நூற்றுக்கணக்கில் கிடக்கும், அத்தனையையும் திருத்தப் போகிறேன் என்று கிளம்பினால் முதல் வாரமே சலித்துவிடும். அடுத்த வாரம் நடத்தப்போவதை மட்டும் எடுங்கள், பழையதில் யாராவது கேட்பதை முதலில் மாற்றுங்கள். ஏற்றியதும் அந்த மாணவரிடமே ஒருமுறை கேளுங்கள். நான் பெருமையோடு அனுப்பிய முதல் திருத்திய ஃபைலுக்கு என் மாணவரிடமிருந்து பதில் வாய்ஸ் மெசேஜாக வந்தது: "சார், இப்ப சூப்பரா படிக்குது. ஆனா ஒவ்வொரு பக்கத்துலயும் கல்லூரி பேரு, உங்க பேரு, உங்க டிகிரி எல்லாம் நடுவுல நடுவுல வாசிக்குது, அதை மட்டும் எடுத்துடுங்க சார்."

பக்கத் தலைப்பில் அடித்து வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.